ஞாயிற்றுக்கிழமை மாணவி

பூசை முடிந்ததும் ஜனம் கறிக்கடை வரிசையில் இடம் பிடிக்க ஓடுகிறது. ரெஜினா மட்டும் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மறைக்கல்வி அறைக்குள் நுழைந்து, முந்தானையால் ஒரு பெஞ்சைத் தட்டிவிட்டு உட்காருகிறாள். சின்னப் பிள்ளைகள் ஜெபம் படிக்கச் செய்த பெஞ்சு. நாற்பதைத் தாண்டிய முழங்கால் அதற்குள் போவேனா என்கிறது. ஒருக்களித்துத்தான் உட்கார முடியும். செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டால் எம்.ஏ. ஆங்கிலம் ஆரம்பம்.

தொலைதூரப் படிப்பு. ஞாயிறுதோறும் நகரத்துக் கல்லூரி ஒன்றில் நேரடி வகுப்பு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். கேட்ட அன்றே பாடி கடைத்தெருவுக்குப் போய்த் தோள்பை வாங்கி வந்தாள். பிறகுதான் எல்லாமே ஆன்லைன் என்று தகவல் வந்தது. கூடப் படிப்பவர்களுக்குக் கொண்டாட்டம், லுங்கியோடு பாடம் கேட்கலாம். ரெஜினாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரியில் இடம் கிடைத்த வருடம் அப்பாவின் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். பி.ஏ.வையும் தபாலிலேயே முடித்தாள். பட்டம் எப்போது வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். ஒரு வகுப்பில் மாணவியாக உட்கார வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருக்கும் ஏக்கம்.

ஃபாதரிடம் போய் அறைச் சாவி கேட்டாள்.

"ஏம்மா, வீட்ல நெட் இல்லையா?"

"நெட்டு கீது ஃபாதர். பெஞ்சுதான் இல்ல."

ஃபாதர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கணவன் யூஜின் செம்பரம்பாக்கம் பக்கத்துக் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நல்லவன்தான், வாய்தான் சும்மா இருக்காது. வகுப்பில் பேச வேண்டிய செமினாருக்கு அவள் செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டான்.

"இங்கிலீஷு படிக்கப் போயி ஏரியத் தூர்வாரிகினு கீற?"

"இப்பல்லாம் அப்டிதான்யா. இலக்கியத்துல சரித்திரம், தண்ணி, சினிமா எல்லாம் வரும். சாம்பார் மாரி."

"அப்போ இங்கிலீஷு இன்னா, பெருங்காயமா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் விடவில்லை. எஸ்டேட்டில் வால்வு சோதிக்கிற மேசையில் கை ஒரு பக்கம் வேலை செய்ய, உதடு தன்பாட்டுக்கு ஆங்கிலத்தில் அசைந்துகொண்டிருந்தது. "இன்னாக்கா, ஜெபமாலையா?" என்றாள் பக்கத்து மேசை எழிலரசி.

இந்த ஞாயிறு கடைசி வகுப்பு. இதை விட்டால் இனிப் பரீட்சைதான். கஞ்சி போட்ட காட்டன் புடவையில் போயிருந்தாள். பேராசிரியை பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றாள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்கொரு பெயர். ஒரு முகம்கூட இல்லை. பாடத்தில் வரும் கவிதையின் ஏரியில் படகு போகிறது, எங்கள் தெருவுக்கு ஏரியே தண்ணீர் லாரியில் வருகிறது என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். நடுவில் நாக்கு தடுக்கியது. காலிப் பெஞ்சுகளைப் பார்த்துப் பேசி முடித்தாள். யாரும் சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை. கேட்டார்களா என்பதே தெரியவில்லை.

"குட், ரெஜினா. ஓகே எவ்ரிபடி, ஆல் த பெஸ்ட்" என்றார் பேராசிரியை. பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

யூஜின் வாசலில் வண்டியை நிறுத்தி, கறிப்பையோடு எட்டிப் பார்த்தான். "அதான் முடிஞ்சிச்சே. இன்னாத்துக்கு இன்னும் நின்னுகினு கீற?"

"மேம் ஒக்காரச் சொல்லல" என்றாள் ரெஜினா. இருண்டுபோன போனைப் பார்த்தபடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.