தைக்காத காது

நினைவு தெரிந்து ஜஸ்டின் தன் அப்பத்தாவை முதன்முதலாகப் பார்த்தது நாலு வயதில், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் ஆளுக்கொரு ஷிப்டு பார்த்த அப்பாவும் அம்மாவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வழியில்லாமல் ஊருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பழகாத கிழவியின் இடுப்புக்கு மாறியதும் அவன் வைத்த ஓலத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முறுக்கு, பலூன், எதற்கும் மசியவில்லை. அப்போதுதான் அந்தக் காதைப் பார்த்தான். தோள்பட்டையைத் தொடுகிற மாதிரி தொங்கிய வெறுங்காது, அதில் பெரிய ஓட்டை. விரலை உள்ளே விட்டான். டவுன் பஸ் வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி, ஊர் மாதா கோயில் வாசலில் நிற்கும்வரை விரலை எடுக்கவேயில்லை.

“பள்ளிக்கூடத்துல வாத்தியாருதான் காதப் பிடிப்பாரு. எம் பேரன் வரும்போதே எங் காதப் பிடிச்சுக்கிட்டு வந்தான். எமகாதகன்!” என்று அப்பத்தா செபமாலை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அவள் வயசுக்கு வருமுன்பே ஓட்டை போட்டு வளர்த்துவிட்ட காது அது. அதில் ஆடிய தங்கத் தண்டட்டிகள் ஜஸ்டின் வருவதற்கு வெகுநாள் முன்பே போய்விட்டன. எங்கே அப்பத்தா என்று கேட்டால், “வயித்துக்குள்ள போச்சு. நாலு பிள்ளைக்குக் கஞ்சி ஊத்துனேன்ல” என்பாள். இப்போது காதில் ஒன்றுமில்லையே என்றால், “காது காத்து வாங்குது, போ அங்கிட்டு.”

தைல மரக்காட்டில் விறகு ஒடித்துச் சுமந்து வருவாள். கடலை பிடுங்கும் காலத்தில் விரல் இடுக்கெல்லாம் செம்மண் ஏறிக் கிடக்கும். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து படுத்தால், பேரனின் விரல் தானாகக் காதுக்குப் போய்விடும். பெரியவனானதும் கூச்சம் வந்து விட்டுவிட்டான். ஆனாலும் கல்லூரி விடுதியிலிருந்து சனிக்கிழமை வந்து இறங்கினால், பை தோளில் இருக்கும்போதே அந்தக் காதை ஒரு சுண்டு சுண்டாமல் வீட்டுக்குள் போக மாட்டான்.

“சீ, எருமை! பி.காம் படிக்கிறவன் பண்ற வேலையா இது?”

அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். பட்டமளிப்பு விழாவுக்கு அப்பத்தாவையும் செல்வராணி அத்தையையும் அழைத்துப் போனான். கறுப்பு அங்கியோடு வந்து நின்றவனைச் செபமாலை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னடா, ஃபாதர் மாதிரி அங்கியப் போட்டுக்கிட்டு வாரெ? பூசை வைக்கப் போறியா?”

“பட்டம் வாங்குறவங்க போடுறது அப்பத்தா.”

“வாங்கிட்டு மொதல்ல கழட்டிரு. ஒத்தப் பேரன், சாமியாராப் போயித் தொலஞ்சுறாத.”

அவள் சிரித்த நேரத்தில் அத்தை இருவரையும் சேர்த்துப் போனில் ஒரு படம் எடுத்தாள். முந்தானை ஒரு பக்கக் காதை மூடியிருந்தது. மறுபக்கக் காது மட்டும் தெரிந்தது.

போன சித்திரையில், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. திருச்சி ஆபீசிலிருந்து ஜஸ்டின் வந்து சேர்வதற்குள் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். தாடைக்குக் கட்டிய வெள்ளைத் துணி இரண்டு காதையும் மறைத்திருந்தது. அவிழ்க்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அப்படியே அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு அவன் எத்தனையோ தடவை போனில் அந்தப் படத்தை எடுத்து, காதை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கப் பெரிதாக்க, அது கட்டம் கட்டமாகச் சிதறிப் போனது.

முப்பதாம் நாள் பூசைக்குப் பெரிய படம் வேண்டும் என்று அப்பா சொன்னபோது, நானே போகிறேன் என்று முந்திக்கொண்டதும் அதற்காகத்தான். ஸ்டுடியோவில் பெரிதாக்கித் தருவார்கள். ஒரு காதாவது முழுசாகத் திரும்பி வரும்.

படத்தைக் கொடுத்துவிட்டு, மறுவாரம் அத்தையோடு புதுக்கோட்டைக்குப் போனான். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நீல வானம். பட்டுச்சேலை. நிறம்கூடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. பக்கத்தில் நின்ற ஜஸ்டினின் கறுப்பு அங்கி இருந்த இடம் தெரியவில்லை.

“முந்தானைய ஒதுக்கி ரெண்டு காதையும் எடுத்துட்டேன் தம்பி. தொங்குனதையும் சரி பண்ணி, கல்லுக் கம்மல் போட்டுவிட்டேன். பாட்டி அம்சமா இருக்காங்கள்ல?”

காதுகள் சின்னதாக, ஓட்டையே இல்லாமல், கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணே, காதப் பழையபடி வச்சிருங்க.”

“என்ன தம்பி, எல்லாரும் ஓட்டைய மூடுங்கம்பாங்க. தொறக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதான்.”

“எங்க அப்பத்தா காது அதுதாண்ணே.”

அத்தை அவன் கையைப் பிடித்தாள். அவள் கண் திரையிலேயே இருந்தது.

“இருக்கட்டும்டா ஜஸ்டினு.”

“இது அப்பத்தாவா அத்தே? நீங்களே சொல்லுங்க.”

“ஆத்தா ஆசப்பட்டது இதுதான்டா. ஒன் பட்டமளிப்புக்கு முன்னாடி நானும் ஆத்தாவும் இங்கதான் டாக்டர்கிட்ட வந்தோம், காதத் தைக்க. ‘பேரன் கூட்டாளிகளுக்கு நடுவுல இந்தத் தொங்கக் காதோட எப்புடி நிப்பேன், நானும் ஒரு கம்மல் போடுறேன்டி’ன்னுச்சு. டாக்டரு சர்க்கர இருக்கு, தச்சா புண்ணு ஆறாதுன்னுட்டாரு. திரும்பி வாரப்ப பஸ்ல ஒரு வார்த்த பேசல.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒங்கிட்டச் சொல்லுமாக்கும்? ‘அவனுக்குத் தெரிஞ்சா காதுக்குக் காவல் போட்டுருவான்’னுச்சு.”

ஜஸ்டின் சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. மறுபடி திரையைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்தக் காதுக்குச் சொந்தக்காரிக்கு அது பிடித்திருக்கிறதா என்று யோசித்ததில்லை. கம்மல் போட்ட செபமாலை அவனுக்கு யாரோ மாதிரிதான் இருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுடையதுதான், அங்கியைக் கிண்டலடித்த அதே சிரிப்பு.

“தம்பி, தொறக்கவா, மூடவா?” என்றார் ஸ்டுடியோக்காரர்.



“அப்படியே பிரிண்ட் போட்டுருங்கண்ணே.”

படம் இப்போது வீட்டில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். திருச்சியிலிருந்து சனிக்கிழமை வந்து இறங்கும் ஜஸ்டின், பையைத் தோளில் வைத்துக்கொண்டே கண்ணாடிமேல் காது இருக்கும் இடத்தை ஒரு சுண்டு சுண்டுகிறான். டங்கென்று சத்தம் வருகிறது. திட்டுதான் வருவதில்லை.

செபமாலை இப்போது மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில், வேலியோரம், தாத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். காது தைக்கவில்லை.