தீர்த்த வாசனையில் ஒரு கிறிஸ்துமஸ் பிஸ்கட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கையில் எந்தச் சின்ன பாட்டிலைக் கொடுத்தாலும் மூடியைத் திறந்து நெற்றியில் தடவிக்கொள்கிற ஜென்மம் நான். சென்ற ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டு வீட்டில் என் மகள், ஆபீஸ் தோழிகளுக்குக் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கவென்று பெப்பர்மின்ட் குக்கீஸ் செய்துகொண்டிருந்தாள். "அப்பா, இத ஒரு நிமிஷம் புடி" என்று ஒரு பாட்டிலை நீட்டினாள். பிடித்தேன். அவள் திரும்புவதற்குள் நெற்றிப்பொட்டு இரண்டிலும் தடவியாகிவிட்டது.

"ஐயோ, அது எசென்ஸ்பா!"

ஐம்பதைத் தாண்டியும் திருந்தவில்லை. கண் எரிந்தது. அந்த எரிச்சலோடு பாய் பேக்கரியும் வந்து நின்றது.

பிள்ளையார்பாளையம் போகிற வழியில் இருந்தது அந்த பேக்கரி. பலகையில் வேறு ஏதோ பெயர் இருந்தது, யாரும் படித்ததில்லை. வாலிப வயதில் நான் அங்கே விறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டியே சூட்டைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். அந்த வித்தையில் என் புருவத்தில் பாதி கருகிப்போயிருந்ததை மட்டும் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் பிறந்தால் ஊரிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கேக் மாவை வீட்டில் கலந்து எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போது யார் வீட்டில் ஓவன் இருந்தது? தட்டுக்குத் தட்டு பெயர் எழுதிய சீட்டு. வரிசையில் நிற்கும்போதே அடுத்தவர் மாவை எட்டிப் பார்ப்பார்கள். "இன்னா சிஸ்டர், முந்திரி ஊருக்குப் போயிருக்குதா?" என்பார் ஒருவர். மற்றவர் துணியை இழுத்து மூடிக்கொள்வார்.

ஒரு வருஷம் ரூபி டீச்சர் பிஸ்கட் மாவோடு வந்தார். எனக்கு மூன்றாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தோற்றவர். மாவோடு கட்டைவிரல் அளவுக்கு ஒரு பாட்டில்.

"பெப்பர்மின்ட் எண்ணெய்ப்பா. வெட்டுறதுக்கு முன்னாடி பத்துச் சொட்டு விட்டுப் பிசை. இப்பவே விட்டா வாசனை பறந்துடும்."

"எங்கிட்ட சொல்லிட்டீங்கல்ல டீச்சர், விடுங்க."

அவர் விடவில்லை. மகன் எட்வின் தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டபோது டீச்சர் கல்யாணத்துக்குப் போகவில்லை. மூன்று வருஷமாக அவனும் அம்மா வீட்டுப் படி ஏறவில்லை. இப்போது கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறான். சின்ன வயதில் அவனுக்கு இந்த பிஸ்கட் என்றால் உயிர்.

"வாயத் தொறந்து மன்னிச்சுட்டேன்னு சொல்ற புள்ள இல்ல அவன். ஒண்ணு எடுத்துத் தின்னான்னா போதும். எனக்குப் புரிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் ஆற்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பேக்கரிக்கு நான்தான் ராஜா. ராஜாவுக்கு அன்றைக்குச் சளி. பாட்டிலைத் திறந்து மோந்தேன். மூக்கு திறந்தது, ஞானக் கண்ணே திறந்த மாதிரி இருந்தது. நெற்றியில் ஒரு சொட்டு. மாவு பிசையும் முனுசாமி அண்ணன், "எனக்கும் கொஞ்சம் தடவுபா" என்றார். வாசனை தெருவுக்குப் போயிருக்க வேண்டும். தறியை விட்டு டீ குடிக்க வந்தவர்கள், "இன்னாபா, புது தைலம் வெச்சுக்கினு மறைக்கிற?" என்று சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார்கள். நாள் முழுக்கக் குனிந்து நெய்கிற இடுப்பு. எப்படி மறுப்பது? நானும் டாக்டர் மாதிரி "மூச்ச இழுத்து விடு" என்றெல்லாம் சொல்லித் தடவினேன். மத்தியானத்துக்குள் தெரு சொஸ்தமாகிவிட்டது. பாட்டில் காலி.

பெட்டிக்கடையில் பெப்பர்மின்ட் மிட்டாய் இருந்தது. அதை இடித்துப் போடலாம் என்று மூளையுள்ளவனுக்குத் தோன்றியிருக்கும். நாக்கில் ஜில்லென்று ஏறுவது எது என்று யோசித்த எனக்குப் பெருமாள் கோயில் தீர்த்தம்தான் ஞாபகம் வந்தது. சைக்கிளை மிதித்துக் கோயில் வாசல் கடையில் பச்சைக் கற்பூரம் வாங்கிவந்து நுணுக்கிப் போட்டேன். ஒரு சிட்டிகை போதாதென்று இன்னொரு சிட்டிகை.

பிஸ்கட் பார்க்க அழகாகத்தான் வந்தது. முனுசாமி அண்ணன் ஒன்றைக் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே, தீர்த்தம் குடித்த பழக்கத்தில், கையைத் தலையில் தடவிக்கொண்டார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது.

"இன்னாபா இது, துளசி ஒண்ணுதான் கொறச்சல்! டீச்சராண்ட சொல்லிடு."

"சொல்றேண்ணா."

சொல்லவில்லை. அடுப்பு வித்வான் என்ற பட்டம் என்னாவது? டீச்சர் வந்தார், டப்பாவை மார்போடு அணைத்து வாங்கிக்கொண்டு போனார்.

பண்டிகை முடிந்து, விட்டுப்போன தட்டை எடுக்க வந்தவரிடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எப்படி இருந்துது டீச்சர்?" என்றேன்.

"ஒண்ணு கடிச்சான். வெச்சுட்டான். மறுநாளே கெளம்பிட்டான்."

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் வாய்க்காது. நான் வாயைத் திறந்து, "டீ சாப்பிடுறீங்களா டீச்சர்?" என்றேன்.

பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பாய் இல்லை. மாவுத் தட்டோடு யாரும் தெருவில் வருவதில்லை. அவரவர் மாவு அவரவர் வீட்டு ஓவனில் வேகிறது. யார் எத்தனை முந்திரி போட்டார்கள் என்பது இந்த ஊரில் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மகள் செய்ததில் எட்டு குக்கீஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலமே ஓரிக்கைக்குப் போனேன். டீச்சர் இப்போது அங்கேதான், தனியாக இருக்கிறார். எட்வின் பண்டிகைக்கு போன் செய்வான், நலம் விசாரிப்பான், வைத்துவிடுவான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவன் வரவேயில்லை. டீச்சர் ஒன்றைக் கடித்து, "இதான் சரியான வாசனை" என்றார். உடனே சொல்லிவிட்டேன். சளி, முனுசாமி அண்ணன், தெருவின் இடுப்புகள், பச்சைக் கற்பூரம், இரண்டு சிட்டிகை. சிரிப்பார் என்று நினைத்து, தலையில் கை தடவியதை நடித்துக்கூடக் காட்டினேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. கடித்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"அப்போ அவன் கோவத்துல வெக்கல."