புத்தகத்தில் இல்லாத சாமைக்கு ஐந்து மார்க்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சமூகவியல் பேப்பரில் எனக்கு வந்தது முப்பத்திரண்டு!

பாஸாக முப்பத்தைந்து வேண்டும். (கணக்கில் ஃபெயிலாகியிருந்தால்கூட கௌரவமாக இருந்திருக்கும்.)

எண்பதுகளின் தொடக்கம். எருமப்பட்டியில் ஹாஸ்டலில் தங்கி எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கொல்லிமலை. வகுப்பில் மலையிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

"ஃபெயிலானா மூட்டையக் கட்டிக்கிட்டு மேல வந்துரு சாமி, படிச்ச வரைக்கும் போதும்" என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

அந்த ஐந்து மார்க் கேள்வி: மலைவாழ் மக்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதுக.

புத்தகத்தில் என்ன இருந்தது தெரியுமா? 'வேட்டையாடுவர், கிழங்கு தோண்டி உண்பர், விவசாயம் அறியார்.'

எனக்கு வந்ததே கோபம்! ஏர் கட்டி உழுவது, சாமை விதைப்பது, ஓடையோரம் படிப்படியாக வயல் வெட்டி நெல் நடுவது என்று ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன்.

விழுந்தது முட்டை!

பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக வாத்தியாரிடம் போனேன். வகுப்பு முழுக்கப் பார்க்க, அவர் மேஜையில் விரித்து வைத்தேன்.

"புத்தகத்துல இருக்கறத எழுதுனாத்தான புள்ள மார்க்கு?" என்றார்.

"சார், நேத்து டிபன் பாக்ஸ்ல சாமைச்சோறு தானுங்க கொண்டாந்தீங்க?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அந்தச் சாமைய சந்தையில யாருகிட்டங்க வாங்குனீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "உங்கப்பாகிட்டத்தான்."

"விவசாயம் தெரியாத எங்கப்பாவுக்கு அது எங்கிருந்துங்க வந்துச்சு? வேட்டையாடியாங்க புடிச்சாரு?"

வகுப்பே குலுங்கிச் சிரித்தது! (முதல் ரேங்க் பையனைத் தவிர. 'விவசாயம் அறியார்' என்று எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் அவன்.)

வாத்தியாரும் சிரித்துவிட்டார். முட்டையை அடித்து ஐந்து போட்டார்.

முப்பத்தேழு! பாஸ்!

அதோடு விடவில்லை மனிதர். சாக்பீஸை என் கையில் கொடுத்தார்.

"நீ எழுதுனத போர்டுல எழுது சாமி. டேய், எல்லாரும் புத்தகத்துல அந்த வரிய அடிச்சுட்டு இத எழுதிக்கோங்கடா."

ஒரு வகுப்பே என் ஊரைப் பார்த்து எழுதியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மணி அடித்ததும் முதல் ரேங்க் பையன் மெதுவாக என் பெஞ்சுக்கு வந்தான்.

"போர்டு அழிஞ்சிருச்சு. உன் பேப்பரக் கொஞ்சம் குடு, எழுதிட்டுத் தாரேன்."

(முப்பத்திரண்டு மார்க் பேப்பரை முதல் ரேங்க் காப்பி அடித்த ஒரே ஸ்கூல் எங்களுடையதாகத்தான் இருக்கும்!)

உங்களைப் பற்றி உங்கள் பாடப்புத்தகம் என்ன சொன்னது? யாராவது அடித்துத் திருத்தினீர்களா?