ஆறு முகம், ஆறெழுத்து

“இடமிருந்து வலம்: ஆறு முகம், ஆறெழுத்து.” போன ஆண்டு ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தினக் காலண்டர் தாளின் பின்புறம் எங்கள் கண்காணிப்பாளர் எழுதியது. கிழமை உறுதி, தேதி இருந்த மூலை கிழிந்துவிட்டது.

அவர் பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் அரியலூர் வட்ட அலுவலகத்துக்கு வருவார். அவரும் கணவரும் ஞாயிறுதோறும் சண்டை போட்டுக்கொண்டே குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்புகிறவர்கள். மாசியில் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் கூம்பு, உருளை, கோளம் என மரத்துண்டுகளைக் காட்டிப் பெயர் கேட்பாள். “அது… அது…” என்பதற்கு மேல் அவருக்கு வராது. துண்டைக் காட்டி வராத சொல், குறிப்புக் கொடுத்தால் வருமோ என்று மனைவிக்கு ஓர் ஆசை. மதியம் போனில் வாசிக்க ஒரு குறிப்பு வேண்டும். அதற்காகக் காலையெல்லாம் கோப்பைத் திறப்பார், மூடுவார், எழுந்து ஜன்னலுக்குப் போவார். கூம்புக்கு, “கீழே வட்டம், மேலே முனை, மாலையில் தாமரையும் செய்யும்”; இதழ் குவிவதும் கூம்புவதுதானே. வட்டத்துக்கு, “எல்லை உண்டு, மூலை இல்லை.”

நில அளவர் விடவில்லை. “மேடம், நம்ம அரியலூர் வட்டத்துல பூரா மூலதாங்க. ஒரு மூலைக்கல்லத் தேடியே என் செருப்பு அறுந்துருச்சு.”

கண்காணிப்பாளர் சிரித்தார், கண் போன் மேலேயே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் நினைத்தது கனசதுரம். அதற்குப் பக்கமும் ஆறு, எழுத்தும் ஆறு. “முகம்னு போட்டா அழகா இருக்குல்ல?” என்று என்னைக் கேட்டார். ஸ்பீக்கரில் வைத்து இரண்டு முறை வாசித்தார். “அது… அது…” நீண்ட மூச்சு. பிறகு தெளிவாக, “சரவணபவ.”

கண்காணிப்பாளர் விரல் மடக்கி எண்ணினார். “ஐயோ, இதுவும் பொருந்துதுங்க! இன்னொருக்கா சொல்லுங்க.” மறுமுனையில் போனைப் பிடித்திருந்த கொழுந்தனார் அழுவதுதான் கேட்டது.

பயிற்சிப் பெண் மறுநாள் நிதானமாகச் சொன்னாளாம்: “வருசக்கணக்கா சொன்ன சாமி பேரு தானா வரும்மா. கேள்வி புரிஞ்சுதான் சொன்னாருன்னு எடுத்துக்க முடியாது.” கணவர் செட்டிகுளத்துக்காரர், கிருத்திகைதோறும் அங்குள்ள முருகன் மலை ஏறியவர். அன்றிலிருந்து கண்காணிப்பாளர் சாமிக்கு இடமில்லாத குறிப்புகளாகத் தேடினார். வாரக்கணக்கில் ஒன்றுக்கும் விடை வரவில்லை.

போன மாதம் பெரம்பலூரில் அவர்களைப் பார்த்தேன். இப்போது “தண்ணி”, “போதும்”, “வா” எல்லாம் வருகின்றன. அந்த மதியத்தைப் பற்றிக் கணவரிடமே கேட்டேன். என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சிரித்தார். “எண்ணித்தான் சொன்னாரு” என்றார் மனைவி, அவருக்கு முந்திக்கொண்டு.

அவர் விடை சொன்னாரா, முருகனைக் கூப்பிட்டாரா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.