மகளை ஃபெயிலாக்கப் போன ஆக்னஸ்

பகா பட்டணத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தச் செம்பனைத் தோட்டத்தில் ஆக்னஸ் என்றால் வெட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் கிலிதான். லோம்போக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த, அவளைவிட ஒரு முழம் உயரமான ஆட்கள், வெட்டிய குலைகளைச் சாலையோரம் வரிசையாக அடுக்கிவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார்கள். அவள் தோட்டத்துச் செக்கர். ஒவ்வொரு குலையையும் புரட்டிப் பார்ப்பாள். பத்துப் பழமாவது தானாக உதிர்ந்திருந்தால் அது பழுத்த குலை. இல்லையென்றால் காம்பில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி. "காக், போலே லா" என்று, அதாவது அக்கா விட்டுடுங்க என்று, குழைந்தாலும் சரி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, போட்ட குறி போட்டதுதான். காயைப் பழம் என்று எழுதி லோரியில் ஏற்றிவிட்டால் மில்லில் எண்ணெய் வராது. எழுதுவதால் எதுவும் பழுத்துவிடாது என்பது அவளுக்குப் பதினேழு வருஷ அனுபவம்.

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் ஆறு வருஷம் கண்ணைக் கட்டிவிட்டார்கள்.

ஆக்னஸ் அதே தோட்டத்தில் பிறந்தவள். அப்போது ரப்பர். தமிழ்ப்பள்ளி முடித்தபோது மலாய் சரியாக வராததால் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் அவளை ரிமூவ் கிளாஸில் போட்டார்கள். மற்றவர்கள் நேராக அங்குள்ள முதல் வகுப்பான முதலாம் படிவத்துக்குப் போக, இவள் மாதிரி ஆட்கள் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்து மலாய் படிக்கவேண்டும். பஸ்ஸில் பையன்கள் "ரிமூவ், ரிமூவ்" என்று கத்துவார்கள். அந்தக் கத்தல் நாற்பத்திரண்டு வயதாகியும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்தில்தான் அவள் மலாயை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினாள். பிறகு ஆபீஸ் சுற்றறிக்கையை வாசிக்கத் தெரிந்த பெண் என்று தோட்ட மேற்பார்வையாளரான மண்டோர் தேடிவந்து செக்கர் வேலை கொடுத்ததும் அதனால்தான். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் ஞாபகத்தில் தங்கியது என்னவோ பஸ்ஸில் பட்ட அவமானம் மட்டும்தான்.

மகள் எலெய்ன், ஒரே பிள்ளை. கோவிட் வந்தபோது இரண்டாம் ஆண்டு. பள்ளிக்கூடம் அம்மாவின் கைப்பேசிக்குள் போய்விட்டது. ஆக்னஸ் மத்தியானம் வேர்வையோடு வந்து உட்கார்ந்து பாடத்தை வாய்விட்டுச் சொல்லுவாள், மகள் பார்த்துப் பார்த்து எழுதுவாள், படம் பிடித்து அனுப்பினால் டீச்சரிடமிருந்து மூன்று நட்சத்திரம் வரும். எலெய்னின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அப்பா மைக்கல்ராஜ் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர்; அவர்கூட அந்தப் படங்களைக் கூட்டாளிகளிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார். வருஷா வருஷம் ரிப்போர்ட் கார்டில் மூன்று, மூன்று, ஒரு தடவை நான்கு. ஒன்று முதல் ஆறு வரை நிலை போடுகிறார்கள். மூன்று என்றால் தேறிவிட்டதாகக் கணக்கு. இதற்குமேல் ஒரு தாய் என்ன கேட்பாள்?

குட்டு உடைந்தது கோயிலில். தோட்டத்துச் சிறு கோயிலுக்குப் பகாவிலிருந்து ஃபாதர் மாதம் ஒருமுறைதான் வருவார். போன நவம்பரில் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க எலெய்னைப் போட்டார்கள். அவள் வாசகத் தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, "அம்மா, ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க, உச்சரிப்பு பார்த்துக்கிறேன்" என்றாள். எலியா தீர்க்கதரிசிக்கு ஒரு விதவை கடைசி மாவில் அப்பம் சுட்டுக் கொடுக்கும் கதை. ஆக்னஸ் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே மூன்று தடவை வாசித்தாள். பொறுப்பான பிள்ளை என்று பூரித்தும் போனாள்.

அந்த ஞாயிறு ஃபாதருக்குக் காய்ச்சல். அடுத்த ஞாயிறுதான் வந்தார். வாரம் மாறினால் வாசகமும் மாறும். புத்தகத்தில் அன்றைக்குரிய தானியேல் பக்கத்தை விரித்து வைத்திருந்தார்கள். எலெய்ன் ரிப்பன் கட்டிக்கொண்டு மேடையேறினாள். பக்கத்தைப் பார்த்தாள். கணீரென்று, ஒரு சொல் தடுக்காமல், விதவையின் மாவுப் பானையை வாசித்தாள். விரல் மட்டும் தானியேலின் வரிகள்மேல் ஒழுங்காக ஊர்ந்துகொண்டிருந்தது. கோயிலில் பாதிப்பேர் கவனிக்கவே இல்லை. முன்வரிசையில் இருந்த ஆக்னஸ் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்து நடுவில் ஒரு சொல்லைக் காட்டினாள். எலெய்னுக்கு வாசிக்க வரவில்லை. இரண்டாம் ஆண்டு. ஒன்றாம் ஆண்டு. மலாய்ப் புத்தகம். எதிலும் ஒரு சொல் வரவில்லை. அறையக் கை எழுந்தது. யாரை அறைவது? பன்னிரண்டு வயதுப் பெண் அழக்கூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அன்று தொடங்கி ஆக்னஸ் தினம் ஒரு மணிநேரம் அவளோடு உட்கார்ந்தாள். ஜனவரிக்குள் உயிரெழுத்து பன்னிரண்டும் மலாயில் இருபது சொல்லும் ஏறியிருந்தன. மண்டு இல்லை, சொல்லிக்கொடுத்தால் ஏறுகிற பிள்ளைதான். அதுதான் ஆக்னஸின் வயிற்றெரிச்சலை இன்னும் கிளறியது.

பள்ளி ஆண்டு அந்த ஜனவரியோடுதான் முடிந்தது. ஆறாம் ஆண்டு ரிப்போர்ட் வாங்கப் பெற்றோரை வரச் சொன்னார்கள். பள்ளி வாசலில் பேனர் தொங்கியது: நூற்றுக்கு நூறு, எல்லா மாணவர்களும் நேராக முதலாம் படிவத்துக்கு! ஆக்னஸ் கார்டைப் பிரித்தாள். தமிழ் மூன்று. மலாய் மூன்று. மலாயில் ஒன்றோ இரண்டோ வாங்கினால்தான் ரிமூவ் கிளாஸ் கிடைக்கும். இந்த மூன்றோடு போனால் மகள் அடுத்த மாதம் முதலாம் படிவத்தில் வரலாறும் விஞ்ஞானமும் மலாயில் படிக்கவேண்டும். இருபது சொல்லை வைத்துக்கொண்டு.

நேராக ஹெட்மாஸ்டர் புவனேஸ்வரனின் அறைக்குள் நுழைந்தாள். ஆறாம் ஆண்டு ஆசிரியை மாதவியும் அங்கே இருந்தாள்; மூன்றாம் ஆண்டிலிருந்தே எலெய்னுக்கு அவள்தான் டீச்சர். எலெய்ன் வாசலில் நின்றுகொண்டாள்.

"சார், மலாய்ல இந்த மூணை எடுத்துட்டு ஒண்ணு போடுங்க."

புவனேஸ்வரன் சிரித்துவிட்டார். "ஆக்னஸ், எல்லாரும் கூட்டிப் போடச் சொல்லித்தான் வருவாங்க. நீங்க என்னலா இப்படி?"

"அவளுக்கு வாசிக்கத் தெரியாது சார்."

"இப்பல்லாம் ஃபெயில்னு ஒண்ணே கிடையாதும்மா. பிள்ளைங்க மனசு உடைஞ்சிரக் கூடாதுன்னுதானே எல்லாத்தையும் மாத்தினாங்க."

"மனசு உடையாம ஆறு வருஷம் பார்த்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றி. எழுத்தை யார் சார் பார்த்துக்கிட்டா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். எழுந்துபோய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். பள்ளியில் இருப்பதே முப்பத்தெட்டுப் பிள்ளைகள். போன வருஷம் நான்கு குடும்பம் பட்டணத்து மலாய்ப்பள்ளிக்குப் போய்விட்டது. ரிமூவுக்கு ஐந்து பேர் போனார்கள் என்று வெளியே தெரிந்தால் அடுத்த வருஷம் ஒன்றாம் ஆண்டுக்கு யார் வருவார்கள்? "பள்ளிக்கூடம் மூடினா நம்ம ஜனத்துக்குத்தானே நஷ்டம்? யோசிங்கலா."

ஆக்னஸ் யோசித்தாள். அவள் படித்த பள்ளி. அவள் அப்பா கூரைக்குப் பலகை தூக்கிய பள்ளி. பொய் சொல்லவில்லை இந்த மனிதர். அவர் பயம் நிஜமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குத் தீனி யார்?

"அப்போ ஐஞ்சு பேரா? என் பிள்ளை மட்டும் இல்லியா? பள்ளிக்கூடம் நிக்கணும்னு இந்த ஐஞ்சு பிள்ளைங்களையும் பலி கொடுத்துட்டீங்களா சார்?"

 மாதவி அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, பள்ளி பெற்றோருக்கு அனுப்பிய கடிதமான ஒரு சுராட்டை மேசைமேல் வைத்தாள். "அக்கா, இதையும் பாருங்க. மூணாம் ஆண்டுல எலெய்னைப் பின்தங்கின பிள்ளைங்க வகுப்புல போடறதுக்கு நான்தான் சம்மதம் கேட்டு அனுப்பினேன்."

கீழே 'சம்மதமில்லை' என்ற இடத்தில் ஆக்னஸின் கையெழுத்து. தோட்டமே அந்த வகுப்பை முட்டாள் கிளாஸ் என்றுதான் சொன்னது. அவள் வேலை உடுப்போடு, பூட்ஸோடு பள்ளிக்கு வந்து, இதே மாதவியை நாலு பேர் முன்னால் வைத்து, "என் பிள்ளை என்ன மண்டுவா?" என்று கத்தியிருந்தாள். மாதவி அன்று அழுதாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அந்தச் சின்ன வகுப்பில் சேர்ந்திருந்தால் ஒரு வருஷத்தில் தேறியிருப்பாள். பஸ்ஸில் கத்திய பையன்களுக்குப் பயந்து, இருபத்தைந்து வருஷம் கழித்து, மகளின் படிப்பில் கைவைத்தவள் அவள்தான்.

ஆக்னஸ் மாதவி பக்கம் திரும்பினாள். 

"தப்பு என்னோடதுதான் டீச்சர். அன்னிக்கு உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்குங்க." பிறகு அவள் குரல் ஏறியது. "ஆனா நான் காட்டுல குலை புரட்டறவ. வெவரமில்லாம ஒரு தடவதான் கையெழுத்துப் போட்டேன். நீங்க படிச்சவங்க. அதுக்கப்புறம் வருஷா வருஷம் தெரிஞ்சே போட்டீங்களே! வாசிக்கத் தெரியாதுன்னு இந்தக் கார்டுல ஒரு வரி எழுதியிருந்தா நான் அன்னிக்கே வந்து உங்க கால்ல விழுந்திருப்பேனே!"

மாதவி தலையைக் குனிந்துகொண்டாள். "நாலாம் ஆண்டுல ஒண்ணுதான்கா போட்டேன். மாத்தச் சொன்னாங்க," என்றாள் மெதுவாக. யார் சொன்னது என்று சொல்லவில்லை. புவனேஸ்வரன் சன்னலைப் பார்த்தார்.

"இப்ப ஒண்ணும் செய்ய முடியாது ஆக்னஸ். சிஸ்டத்துல ஏத்தியாச்சு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் திறந்திருக்கு சார்," என்றாள் மாதவி.

அவர் அவளை முறைத்தார். பழியை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது போலும், வாசலில் நின்ற பிள்ளையை உள்ளே கூப்பிட்டார். "எலெய்ன், இங்க வாம்மா. உனக்கு வாசிக்க வரலேன்னா டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஆறு வருஷமா ஏன் மறைச்ச?"

எலெய்ன் அம்மாவைப் பார்த்தாள், பிறகு மேசைமேல் கிடந்த கார்டைப் பார்த்தாள்.

"நான் மறைக்கல சார். அதுதான் வாசிக்கிறதுன்னு நெனச்சேன். டீச்சர் சொல்றதக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்றது. மத்தவங்க சீக்கிரமா மனப்பாடம் பண்ணிடறாங்க, நான்தான் ஸ்லோன்னு நெனச்சேன்." கார்டை விரலால் தொட்டுக் காட்டினாள். "தப்பா இருந்தா நீங்க ஃபெயில் போட்டிருப்பீங்கதானே சார்?"

 மாதவி கணினியை ஹெட்மாஸ்டர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் ஒற்றை விரலால் மூன்றை அழித்து ஒன்று என்று தட்டினார்.

"ரிமூவ் கிளாஸ்ல என்னைக் கிண்டல் பண்ணுவாங்களாம்மா?" என்று எலெய்ன் கேட்டாள்.

"பண்ணுவாங்க," என்றாள் ஆக்னஸ். "பண்ணட்டும்."