ஆறு பேரும் பூரியும் ஏறும் வண்டி

கார் விக்கிற வேலையில முதல் பாடம் இதுதான்: முன்னால நடந்து வர்றவரைப் பார்த்துப் பேசக் கூடாது, அவர் பின்னால வர்றவங்கள்ல யாரு மூஞ்சியைச் சுளிக்கிறாங்கன்னு பார்த்துப் பேசணும். உத்திரமேரூர்ல எங்க ஷோரூம் கிளையில ஏழு வருஷமா நான் இதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன். டெஸ்ட் டிரைவ்னு சொல்லி ஒன்பது பேர் நெருக்கியடிச்சு ஏறி, திருப்புட்குழி பெருமாளைச் சேவிச்சுட்டு, என் கையில கொஞ்சம் துளசியையும் குடுத்துட்டு "யோசிச்சுச் சொல்றோம்"னு போன குடும்பத்தைப் பார்த்திருக்கேன். ஜோசியர் ஒரு கலர், மெக்கானிக் ஒரு கலர், மச்சான் ஒரு கலர்னு சொல்லி, கடைசியில கலரே வேணாம்னு பைக் வாங்கிட்டுப் போனவரையும் பார்த்திருக்கேன்.

கழுத்துல அட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சிரிச்ச வாய் மூடாம நிக்கிற சக பாவிங்களே, உங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. ஆனா இந்த வருஷம் என்கிட்ட பெரிய வண்டி கேட்டு வந்த குமரேசன் குடும்பம் மாதிரி ஒண்ணை நீங்களும் பார்த்திருக்க மாட்டீங்க. கேளுங்க.

யாரும் கேக்காத கேள்வி

குமரேசன் முதல் நாள் தனியாத்தான் வந்தாரு. நெல் அறுக்கிற மெஷின் ரெண்டு வச்சு வாடகைக்கு ஓட்டுறவர். மெஷினோட பழகுனவங்ககிட்ட வித்தை காட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? மேல கண்ணாடிக் கூரை திறக்கும் சார், சீட்டுக்குள்ளேர்ந்து குளுகுளுன்னு காத்து வரும் சார், வாயால சொன்னா பாட்டு போடும் சார்னு மூச்சு விடாம ஒப்பிச்சேன். திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். வெள்ளை வேட்டியோட வண்டிக்கு அடியில படுத்துக் கிடக்காரு!

வெளிய வந்து முதுகைத் தட்டிக்கிட்டாரு. நம்ம ஊர்ல அடுத்து என்ன கேப்பாங்கன்னு என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள, லிட்டருக்கு எவ்வளவு ஓடும்னு நானே ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்திட்டாரு. "மைலேஜ் கெடக்கட்டும் மேடம். எம்மாம் தண்ணி வரிக்கும் போவும் இந்த வண்டி? அத்தச் சொல்லுங்க."

நான் தபால்காரி ஆன கதை

அடுத்த ஞாயித்துக்கிழமை குடும்பமா வந்தாங்க. குமரேசன், அவர் வீட்டம்மா அமுதா, இன்னும் கல்யாணம் ஆகாத தங்கச்சி சுமதி, பத்து வயசுப் பொண்ணு கயல், அஞ்சு வயசுல ரெட்டைப் பசங்க. ஆக ஆறு பேர். ரெட்டைங்க ரெண்டும் வந்த அஞ்சாவது நிமிஷம் ஹாரனைக் கண்டுபிடிச்சாங்க, ஆறாவது நிமிஷம் வைப்பரைக் கண்டுபிடிச்சாங்க. கண்ணாடி கழுவுற தண்ணி, முன்னால நின்ன எங்க மேனேஜர் சட்டையில பீச்சி அடிச்சுது. அப்பவும் சிரிச்சுக்கிட்டே நின்னாரு மனுஷன். எங்க பொழப்பு அப்படி.

கயல் மட்டும் சத்தமே இல்லை. ஒவ்வொரு சீட்டையும் கையால சாண் போட்டு அளந்துக்கிட்டே வந்துச்சு. அப்பா ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறாரு, ஆனா அது என்கிட்டதான் சொல்லுது: "ஆன்ட்டி, அவருகிட்ட சொல்லுங்க, பின்னாடி காலு வெக்க எடமில்ல." நான் அவர் பக்கம் திரும்பி, "சார், பின்னாடி..."ன்னு இழுத்தேன். "கேட்டுச்சு மேடம். வேற வண்டி பாக்கலாம்னு அதுகிட்ட சொல்லுங்க." நான் இந்தப் பக்கம் திரும்பினேன். இப்படியே ஒரு மணி நேரம்! என் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. கோவிச்சுக்கிட்ட புருஷன் பெண்டாட்டிக்கு நடுவுல எத்தனையோ தடவை தூது போயிருக்கேன். அப்பனுக்கும் பெத்த பொண்ணுக்கும் நடுவுல போனது இதுதான் முதல் தடவை. கிளம்புறப்போ கயல் என் கையைப் பிடிச்சு இழுத்து, மெதுவாச் சொல்லுச்சு: "அவரு மறந்துடுவாரு ஆன்ட்டி. பூரிக்கும் எடம் வோணும்னு எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க."

அமுதா சொன்னது

ரெண்டு நாள் கழிச்சு அமுதா தனியா வந்தாங்க. டீ வரவழைச்சுக் குடுத்துட்டு, பூரின்னா யாருன்னு கேட்டேன். அவங்க வீட்டு நாயாம். செவலை நிறத்து நாட்டு நாய். குட்டியா இருந்தப்போ ஒரு தட்டு நிறைய பூரியை ஒத்தையாத் தின்னுட்டுப் படுத்ததால கயல் வச்ச பேரு. சொல்லும்போதே சிரிச்சாங்க, அப்புறம் டீயைக் கீழ வச்சுட்டாங்க.

போன மழைக்கு ஏரித் தண்ணி அவங்க தெருவுக்குள்ள வந்துடுச்சு. பொழுது விடிஞ்சதும் தெரிஞ்சவர் ஒருத்தர் லோடு ஆட்டோ கொண்டாந்தாரு. அதுல ஏற்கனவே பக்கத்து வீட்டு ஜனம். இன்னொரு ஜீவனை ஏத்தினா இன்னொருத்தர் இறங்கணும். குமரேசன் பூரியை மொட்டை மாடியில விட்டு, ஒரு குண்டான் சோறு வச்சு, மாடிக் கதவைச் சாத்திட்டு வந்து ஏறிட்டாரு. கயல் ஊர் எல்லை வரைக்கும் கத்திக்கிட்டே வந்துச்சாம். தண்ணி வடிய நாலு நாள் ஆச்சு. போய்ப் பார்த்தா பூரி எலும்பும் தோலுமா, ஆனா உயிரோட இருந்துச்சு. வாலை ஆட்டிக்கிட்டு வந்து முதல்ல குமரேசன் கையைத்தான் நக்குச்சாம். அமுதா முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. "நாய்க்கு கோவம் பூட்ச்சு எக்கா, பொண்ணுக்குப் போவல. எட்டு மாசமா அப்பான்னு ஒரு வார்த்த கெடையாது. இந்தாளு காருக்கா அலையறாரு? அந்த ஒரு வார்த்தைக்கு அலையறாரு."

டாப் மாடல்

இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் நான் செஞ்ச வேலையைக் கேளுங்க. மேனேஜர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இந்தப் பார்ட்டிக்கு டாப் மாடல்தான், கீழ இறங்கவே கூடாது"ன்னுட்டாரு. டாப் மாடல்ல நடு வரிசைக்கு பெஞ்சு சீட்டு கிடையாது. சோஃபா மாதிரி தனித்தனியா ரெண்டு. மொத்தமே ஆறு சீட்டு. ஆறு பேரும் உக்காந்தா நாய் எங்க போகும்? கடைசி வரிசைக்குப் பின்னால டிக்கியில ஒரு முழ இடம் இருக்கும், அவ்வளவுதான். மறுபடி எல்லாரும் வந்தப்போ, "பூரி அங்க ஜம்முனு படுத்துக்கும் கண்ணு"ன்னு கயல்கிட்ட கூசாமச் சொன்னேன். ஆமா, சொன்னேன். நீங்க யாரும் இப்படிச் சொன்னதே இல்லையாக்கும்!

கயல் செருப்பைக் கழட்டிட்டு டிக்கியில ஏறி, முட்டியைக் கட்டிக்கிட்டுச் சுருண்டு படுத்து, "மூடுங்க ஆன்ட்டி"ன்னுச்சு. பட்டனைத் தொட்டா தானா மூடுற கதவு அது. பீப் பீப்னு கத்திக்கிட்டே மெதுவா இறங்குது. உள்ள அந்தப் பொண்ணோட கண்ணு ரெண்டும் என்னையே பார்க்குது. பாதியில நிறுத்திட்டேன்.

"சார், இந்த வண்டி உங்களுக்கு வேணாம்"னு கடகடன்னு உளறிக் கொட்டினேன். "இதுக்குக் கீழ இருக்கிறதுல ஏழு சீட்டு. கடைசி வரிசையில ஒண்ணை மடக்கினா பூரிக்கு இடம், பக்கத்துச் சீட்டுல கயல். ஏசி காத்தும் அங்க வரும். கூரை திறக்காது, அவ்வளவுதான்." பின்னால நின்ன மேனேஜர் மூஞ்சியைப் பார்க்கணுமே, வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி! குமரேசன் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாரு, அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பினாரு. "இந்த மேடத்த ஒண்ணும் சொல்லாதீங்க சார். சொன்னீங்கன்னா நாங்களும் அப்டியே போய்க்கினே இருப்போம்."

நான் பஸ்ஸுக்கு நின்ன நாள்

ஏழு சீட்டு வண்டியைக் காஞ்சிபுரத்துலேர்ந்து வரவழைச்சு, அவங்க ஊருக்கே ஓட்டிக்கிட்டுப் போனேன். ஆனா பூரி கிட்டவே வரல. அந்த மழைக்கு அப்புறம் எந்த வண்டியைக் கண்டாலும் வாலைக் காலுக்கு நடுவுல சுருட்டிக்குமாம். ரெட்டைங்க பிஸ்கட்டைக் காட்டினாங்க, பிஸ்கட்டை அவங்களே தின்னாங்க. சுமதி கருவாட்டைக் காட்டினாங்க. குமரேசன் தூக்கப் போனாரு, அது வேலியைத் தாண்டி ஓடிடுச்சு. இந்த வண்டியும் கிடையாதுன்னா இவங்களுக்கு வேற எதைக் காட்டுறது?

கடைசியில கயல் ஏறிப் போய்ப் பின் வரிசையில உக்காந்துச்சு. பூரியைக் கூப்பிடவே இல்லை, சும்மா ஜன்னல் வழியா வெளிய பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. பூரி மெதுவா வந்து டயரை மோந்துச்சு, படியை மோந்துச்சு, ஒரே தாவு! மடக்கின சீட்டு மேல ரெண்டு சுத்து சுத்திப் படுத்துக்கிச்சு. எல்லாரும் ஏறி ஏரிக்கரை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம்.

வம்பே அதுக்கு அப்புறம்தான். எல்லாரும் இறங்கியாச்சு, பூரி இறங்கல. நான் டிரைவர் பக்கக் கதவுல கை வச்சா உர்ருங்குது, கையை எடுத்தா வாலை ஆட்டுது. கயல் கூப்பிட்டும் அசையல. அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன், வண்டி எங்கன்னு. நாய் குடுக்க மாட்டேங்குது சார்னு சொன்னா எந்த மேனேஜர் நம்புவாரு? குமரேசன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. கயலுக்கும் சிரிப்பு வந்துடுச்சு, ஆனா அப்பா பார்த்ததும் சட்டுன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. ரெட்டைங்கள்ல ஒருத்தன் என் பையை எடுத்தாந்து என் கையில குடுத்தான். "அது பூரி வண்டி ஆன்ட்டி. நீங்க பஸ்ஸுல போங்க."

முதல்ல யாரு?

டெலிவரி அன்னிக்கு அவங்க சொந்தபந்தம் மொத்தமும் ஷோரூம் வாசல்ல. மாலை, சந்தனம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். குருக்கள் கற்பூரம் காட்டிட்டு, "ஆத்து மகாலட்சுமி வலது காலை வச்சு ஏறட்டும்"னாரு. அமுதா புடவையைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. குமரேசன் குறுக்க கையை நீட்டினாரு. "இருங்க சாமி. மொதல்ல பூரி ஏறட்டும்."

கூட்டத்துல ஒரே சலசலப்பு. அவரோட பெரியப்பா, "இன்னாடா குமரேசா, பூச போட்ட வண்டியில நாயி ஏறுதா?"ன்னு கத்தினாரு. குமரேசன் அவர் பக்கம் திரும்பினாரு. "போன தபா அத்த வுட்டுட்டு வந்தவன் நான்தான் பெரிப்பா. இந்த தபா அது ஏறி உக்காந்தாத்தான் நான் ஏறுவேன்." ஊரே கேக்கச் சொன்னாரு. குருக்கள்தான் சமாளிச்சாரு: "பைரவர்தானே, பேஷா ஏறட்டும்." பூரி நெத்தியில குங்குமத்தோட ஏறிப் படுத்துச்சு. அப்புறம் கயல், அப்புறம் அமுதா, சுமதி, ரெட்டைங்க. கடைசியா குமரேசன் ஸ்டியரிங்ல கை வச்சாரு.

பின்னாலேர்ந்து கயல் எக்கிப் பார்த்துச்சு. வழக்கமான தபால்னு நினைச்சு நான் ஜன்னல் கிட்ட குனிஞ்சேன். அது என்னைப் பார்க்கவே இல்லை. "அப்பா, பெல்ட்ட போடு. பூரி ஒயுங்கா உக்காந்துகினு கீது."

பெல்ட்டு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாம மனுஷன் ரெண்டு பக்கமும் தடவுறாரு. நான்தான் ஜன்னல் வழியா கையை விட்டு மாட்டி விட்டேன். எனக்கும் கண்ணு சரியாத் தெரியல.

அந்த மாசம் டாப் மாடல் ஏன் ஒண்ணுகூடப் போகலன்னு மேலிடத்துலேர்ந்து வந்த தாள்ல, காரணம்கிற இடத்துல, ஒரு பொண்ணு அவங்க அப்பாவோட பேச வேண்டியிருந்ததுன்னு நான் எழுதிக் குடுத்தேன். மேனேஜர் அதை அடிச்சுட்டு 'மழை'ன்னு எழுதி அனுப்பினாரு.