மெடூசாவும் பழப்புளியும்

வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்து, வெள்ளவத்தை ஃபிளாட்டின் கதவைத் திறக்கிறேன். பழப்புளி வாசம்!

அதில் புதினமில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்ற, முதல்நாளே குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது எங்கள் வீட்டில் என் கணவர் இவருடைய வேலை. ஆனால் விளக்கு மூலையில் கறுத்துப்போய் நிற்கிறது... ஹோலில் குந்தியிருந்து இவர் தேய்ப்பது என் தங்கை தர்சினி செய்த சிலையை!

"ஐயோ, என்னப்பா செய்யிறீங்கள்?"

"நாகபூசணி அம்மனைப் பாரும், ஒரே களிம்பு. அப்பிடியே விடலாமே?"

தலை நிறையப் பாம்பு இருந்தால் அம்மன்தானா? அது மெடூசா. கிரேக்கப் புராணத்தில் சாபத்தால் கூந்தல் பாம்பாகிப் போனவள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்களாம். அந்தப் பச்சையும் களிம்பல்ல. வெண்கலத்தில் வார்த்து, மருந்து பூசி, சூடு காட்டி, மாதக்கணக்காகத் தர்சினி வரவழைத்த நிறம். விடிந்தால் அவளுடைய முதல் கண்காட்சி. கொட்டாஞ்சேனை வீட்டில் இடமில்லையென்று எங்களை நம்பி வைத்திருந்தாள்.

இடது கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு கோடு பச்சை போய், பளபளவென்று மினுங்கியது.

போன் அடித்தது. "அக்கா, வேனோட வாறன். பம்பலப்பிட்டி தாண்டியிட்டன்."



"திரும்பப் பச்சையாக்கேலாதே?" இவர் அந்தக் கோட்டை விரலால் தடவிக் கேட்டார்.

"அதென்ன பெயின்ரே? ஒரு சொல்லுக் கேட்டிருக்கக் கூடாதே?" கத்திவிட்டேன்.

லிஃப்ட் சத்தம். தர்சினி உள்ளே வந்தாள். பார்த்தாள். அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

"ஆர் செய்தது?"

"நான்தான் பிள்ளை... அழுக்கெண்டு நினைச்சிட்டன்." கையில் இன்னும் புளி உருண்டை.

அவளுக்குக் கண்ணால் பொலபொலவென்று கொட்டியது. வாசலில் வேன்காரர், "யமுத மிஸ்?" என்று, போவோமா எனச் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். இவர் தலை நிமிரவேயில்லை.

தர்சினி சிலைக்குக் கிட்டப் போய்க் கனநேரம் பார்த்தாள்.

"அக்கா, இங்க பாரன். ஆரோ கண்ணீரைத் துடைச்சுவிட்ட மாதிரி இல்லையே?"

நான் பார்த்தேன். ஓம், அப்படித்தான் இருந்தது.

"முகத்தைப் பார்க்கவே எல்லாரும் பயந்த பொம்பிளை இவள். அத்தான் பயப்பிடேல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனித் தொடாதேங்கோ அத்தான். இப்பிடியே கொண்டு போறன்."

கண்காட்சியில் ஆட்கள் அந்தக் கன்னத்துக்கு முன்னால்தான் கூட்டமாக நின்றார்கள். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

நானும் நின்று பார்த்தேன். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் என் கன்னத்தை இந்த மனுசன் ஒருநாள் துடைத்ததில்லை!